கொன்றவர் பெயர் இல்லாத கல்

பளிங்குக் கல்லை அறுக்கும்போது ஒரு வாசனை எழும். நனைந்த சுண்ணாம்பும் சூடேறிய இரும்பும் கலந்த வாசனை. தேரடிக்குப் பக்கத்தில் நான் பேருந்துக்கு நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு கடை இருக்கிறதே, வீட்டுப் பெயர்ப்பலகை, கல்லறைக் கல், கோயில் உபயக் கல் எல்லாம் வெட்டித் தருவார்களே, அந்தக் கடை. 'நம்ம காலத்து கல்வெட்டு ஆபீஸ் இதாம்மே' என்று அதைக் காட்டி நீ சிரிப்பாய். இன்று காலையும் அந்த வாசனை வந்தது. முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இப்போது கோபம் வருகிறது. வரட்டும் என்று அங்கேயே நின்றேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. எதிரே உட்காரவைத்துச் சொல்ல வழியில்லை, அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் நீ கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் அந்தக் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எழுத்தைக் கண்டால் படிக்காமல் என்னால் நகர முடியாது, உனக்குத் தெரியும். மேலே ஒரு குத்துவிளக்குப் படம். அதற்குக் கீழே திருவிளக்கு உபயம் என்று இருந்தது. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் ஒரு கன்டெய்னர் லாரி கம்பெனியின் பெயர். கடைசியில் நினைவாக என்று பொடி எழுத்தில் பாதி வெட்டியும் பாதி பென்சில் கோடாகவும் ஒரு பெண்ணின் பெயர். அது உன் பெயர்.

நாம் பழகிய முறையிலேயே அதை மறுபடி படித்தேன். கொடுத்தவர் யார், யாருக்காகக் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார். முதல் மூன்றும் இருந்தன. எதற்காக என்பது மட்டும் அந்தக் கல்லில் எங்கேயும் இல்லை.

"அண்ணே, இத யாரு வெட்டக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"லாரி யார்டு ஆளுங்க மேடம். பாவம், சின்ன வயசாம், ஆக்சிடெண்ட்ல பூட்ச்சாம் அந்தப் பொண்ணு. ஓனரு நல்ல மன்சன். அது பேர்ல கோயில்ல டெய்லி வெளக்கு எரிக்கப் போறாராம். யாரு செய்வா இந்தக் காலத்துல?"

அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார். நான்தான் அந்த இடத்திலேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்தக் காலையைப் பற்றி ஒரே ஒரு தடவை இங்கே எழுதிவிடுகிறேன். நான் டீக்கடை வாசலில் உனக்காகக் காத்திருந்தேன். எண்ணூர்ச் சாலையில் வழக்கம்போல லாரிகள் துறைமுகம் வரை வரிசை கட்டி நின்றன. எதிர்ப்பக்கச் சாலையில், நீ வர வேண்டிய பக்கத்தில், ஓரமாக உன் பழைய ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாய். வரிசையில் காத்துக் கிடக்கப் பொறுமையில்லாத ஒரு டிரெய்லர் திடீரென்று உன் பக்கத்துச் சாலையில் ஏறியது. நான் கத்தினேன். அதற்குமேல் எழுதமாட்டேன். அதன்பிறகு உன் அம்மா போட்ட வழக்கில் லாரிக்காரர்கள் சொன்னது வேறு. நீதான் தவறான பக்கத்தில் வந்து விழுந்தாயாம். அப்படி இல்லை என்று சொல்லக் கண்ணால் பார்த்த ஆள் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விட்டார்.

வழக்கு நடக்கும்போதே கோயிலில் விளக்கு வைக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு எந்தக் கல் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம் சேர்ந்தது எப்படி என்று யோசித்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தெற்கேயிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மொத்தக்கடை வைத்த குடும்பத்துப் பெண் நான். காத்திவாக்கத்துக் கடல் தொழில் குடும்பத்துப் பெண் நீ. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் கல்வெட்டு வகுப்பில் வந்துதான் பார்த்துக்கொண்டோம். முதல் நாளே என்னை 'அண்ணாச்சி பொண்ணு' என்று கூப்பிட்டாய். முகம் சிவந்து நான் முறைத்ததும், 'இன்னா மொறைக்கிற? உங்க கடையில தான் எங்கம்மா அரிசி வாங்குது. நாம ரெண்டு பேரும் தோஸ்து ஆவலன்னா அரிசி அழுவும்' என்றாய். 

நூலக வராந்தாவில் நீ டப்பாவைத் திறந்தால் கானாங்கெளுத்திக் குழம்பு மணக்கும். மற்றவர்கள் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். நீ இன்னும் நன்றாகத் திறந்துவைப்பாய். 'நெய்தல் பாட்டு வந்தா ஆஹா ஓஹோன்றான். மீனு வந்தா மூக்கப் பொத்துறான். இவன் இன்னாத்த ஆராய்ச்சி பண்றான்?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாய். உன் பேச்சைத் திருத்திக்கொள்ளச் சொல்லி எத்தனை பேர் உபதேசம் செய்தார்கள்! நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். 'கல்வெட்டுல இருக்கிறதும் அந்தந்த ஊரு ஜனம் பேசினது தான். ஆயிரம் வருசம் ஆயிட்டா மட்டும் அது சான்று, நான் இன்னிக்கிப் பேசினா கலீஜா?' என்றாய். அதோடு உன்னைத் திருத்துவதை விட்டுவிட்டேன்.

கல்வெட்டைப் படியெடுக்க நாம் பழகியது நம் ஊர்ப் பெரிய கோயிலில்தான். கல்லைத் துடைத்து, காகிதத்தை நனைத்து ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் காகிதம் இறங்கும்வரை பிரஷால் அடித்து, பிறகு மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். புத்தகத்தில் இவ்வளவுதான் போட்டிருக்கும். கடற்காற்று அடிக்கிற ஊரில் காகிதம் சுவரில் நிற்காது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஒட்ட ஒட்ட உரிந்துகொண்டு பறந்தது. மறுநாள் நீ வீட்டிலிருந்து வலையின் அடிக்கயிற்றையே அறுத்து எடுத்து வந்தாய், ஈயக் குண்டுகளோடு. அதைக் காகிதத்தின் விளிம்பில் தொங்கவிட்டதும் காகிதம் அசையாமல் நின்றது. வலையை அறுத்ததற்கு உன் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். இன்னொரு தொல்லை துறைமுகப் பக்கமிருந்து வரும் நிலக்கரித் தூசி. மை ஒற்றுவதற்குள்ளேயே வெள்ளைக் காகிதம் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிடும். 'மை வாங்கவே வாணாம் போல, காத்தே ஒத்திக்கினு போவுது' என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன். பாலாற்றங்கரையில் ஒரு சின்னச் சிவன் கோயில். வேட்டைக்குப் போன ஒருவன் விலங்கு என்று நினைத்து எய்த அம்பு இன்னொருவன் மேல் பட்டு அவன் செத்துப்போகிறான். ஊர்ச்சபை கூடுகிறது. தெரியாமல் நடந்த சாவுக்கு இன்னொரு சாவு வேண்டாம், செத்தவன் பெயரில் கோயிலில் அணையாத விளக்கு ஒன்றை எய்தவன் எரிக்கட்டும் என்று முடிவு செய்கிறது. விளக்குக்கு நெய் வேண்டும், நெய்க்கு ஆடு வேண்டும். ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுக்கிறான். கிழடு போனால் குட்டி அந்த இடத்தில் நிற்கும், மந்தை குறையாது. அதனால் அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். இது மாதிரிக் கல் தமிழ்நாட்டில் நிறைய உண்டு என்றாலும், பழகி முடித்தபின் நாமாகப் போய்ப் படியெடுத்த முதல் கல் அது.

கருத்தரங்கில் அதை வாசித்தபோது பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். உலகத்தில் வேறெங்கும் கண்ணுக்குக் கண் என்று இருந்த காலத்தில் தமிழனுடைய நீதியில் எவ்வளவு கருணை பாருங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நீ எழுந்தாய்.

"சார், கோயில்ல வெளக்கு எரியுது. செத்தவன் வூட்ல அடுப்பு எரிஞ்சுதா?"

சிலர் சிரித்தார்கள், கேள்விக்கு இல்லை, வூட்ல என்றதற்கு. கல்லில் இல்லாததைப் பற்றி ஆராய்ச்சியாளர் பேசக் கூடாது என்றார் பேராசிரியர். நீ உட்காரவில்லை. போரில் செத்தவனுடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாய். செத்தவனுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்குச் சோறு வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சபைகளுக்கும் ராஜாக்களுக்கும் நன்றாகவே தெரியும் என்றாய். ராஜாவுக்காகச் செத்தால் வீட்டுக்கு நிலம், அடுத்தவன் அம்பில் செத்தால் கோயிலுக்கு விளக்கு. 'தெரியாம வுடல சார். தெரிஞ்சு தான் வுட்டாங்க' என்று முடித்தாய். உன் ஆய்வின் தலைப்பு அன்றைக்கு முடிவானது.

நான் உன் கட்சி இல்லை. இன்றைக்கும் முழுதாக இல்லை. அன்று திரும்பி வரும் ரயிலிலேயே சண்டை ஆரம்பித்தது. விளக்கு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? செத்தவனுடைய அண்ணன் தம்பிகள் அரிவாளைத் தூக்கியிருப்பார்கள், இரண்டு குடும்பமும் அழிந்திருக்கும் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். அந்தக் கல்லில் எய்தவனுடைய பெயர் இருக்கிறது, அவன் ஊர் இருக்கிறது, யாரைக் கொன்றான், எப்படிக் கொன்றான் என்பதும் இருக்கிறது. அவன் சபையின் முன்னால் நின்று ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் பேரன் கோயிலுக்குப் போனாலும் அதைப் படித்தாக வேண்டும். இது சின்ன விஷயமா என்று கேட்டேன். 'பேரு நிக்கட்டும், நான் வாணான்னு சொல்லல. ஆனா பேரத் துன்ன முடியுமா?' என்றாய். பேசின் பிரிட்ஜ் வந்துவிட்டது, நாம் நிறுத்தவில்லை. வருஷக்கணக்கில் நிறுத்தவில்லை. நீ எழுதிய ஒவ்வொரு பக்கமும் முதலில் என்னிடம்தான் வரும். நான் ஓரத்தில் சிவப்பு மையால் கிறுக்கித் திருப்பித் தருவேன். அதைப் படித்துவிட்டு நீ போன் போட்டுத் திட்டுவாய்.

பெயர் வெட்டும் கடையிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கல்லைப் பற்றிச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஊர்ல பெரியவங்கள்லாம் வந்து பேசினாங்க கண்ணு. கேஸ சமாதானமா முடிச்சுக்கலாம்னாங்க. உன் பொண்ணு பேரு கோயில்ல கல்லுல நிக்கும், நாலு ஜனம் படிக்கும்னாங்க. அவ தான் எப்பப் பாரு கல்லு கல்லுன்னே கெடந்தாளே. அவளுக்குப் புடிக்கும்னு நெனச்சு சரின்னுட்டேன். தப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்தான் அந்தத் தவறைச் செய்ய முடியும். வேறு எந்தத் தாயிடம் கல்லைக் காட்டி ஆசைகாட்ட முடியும்? யாரோ யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நானே தடுமாறினேன். தினமும் மாலையில் உன் பெயரில் ஒரு விளக்கு எரிந்தால் என்ன கெட்டுவிடும், இந்த அம்மாவுக்கு அந்த நிம்மதியாவது கிடைக்கட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. அது நான் ரயிலில் பேசிய அதே கட்சிதான்.

ஆனால் நம் வக்கீலுக்குப் போன் செய்தபோது மீதி தெரிந்தது. சமாதானம் என்றால் சும்மா வாபஸ் இல்லை. விபத்துக்குக் காரணம் ஸ்கூட்டர் ஓட்டி வந்த பெண்ணின் கவனக்குறைவு, அவர்தான் தவறான பக்கம் வந்தார் என்று ஒப்புக்கொண்டு உன் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். உன் அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"யாரு? என் பொண்ணா ராங்குல வந்தா? ரோட்ல ஒரு வண்டி இல்லன்னாலும் லைட்டு பச்ச ஆவாம நவுர மாட்டா அவ. பின்னாடி ஒக்காந்துக்கினு நானே திட்டிகீறேன், போயேன்டி, எவன் பாக்கப்போறான்னு. அவளா ராங்குல வந்தா?" அவர் அழவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம் கீது. நீ வரணும்" என்றார்.

உங்கள் ஊர்க்கூட்டம் எப்படியென்று உனக்குத் தெரியும். கடற்கரையில் அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் உட்காருவார்கள். பெண்கள் ஓரமாக நிற்பார்கள். ஊரைக் கேட்காமல் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போனால் அது ஊருக்குச் செய்த அவமரியாதை. நீ உயிரோடு இருந்தபோது, இந்தக் கூட்டத்தை வைத்துத்தான் அந்தக் காலத்துச் சபையைப் புரிந்துகொள்கிறேன் என்று சொல்வாய். நான் அங்கே நுழைந்ததும் யாரோ, "அண்ணாச்சி வூட்டுப் பொண்ணுக்கு இங்க இன்னா வேல?" என்றார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்து நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். "அவ சாவ பாத்த ஒரே ஆளு இதான். இது பேசலன்னா நானும் பேசல" என்றார்.

ஊர்த் தலைவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"இங்க பாரும்மா. நாயம் உங்க பக்கம் தான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம பசங்க பாதிப் பேரு அந்த யார்டுல தான் வேலைக்குப் போறான். ஆத்துல பவர் ஹவுசு சாம்பத் தண்ணி வந்து எறா பூட்ச்சு. கடலும் முன்ன மாரி குடுக்கறது இல்ல. யார்டும் இல்லன்னா இன்னா பண்ணுவான்? அந்த ஓனரு எறங்கி வந்துகீறான், வெளக்கு வெக்கிறேன்றான். பேஜாரு வாணாம், முடிச்சுக்கலாம்."

யார்டு மேலாளரும் வந்திருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான் பையிலிருந்து உன் அத்தியாயத்தை எடுத்தேன். முடியாமல் நிற்கிற அதே அத்தியாயம்தான், கடைசிப் பகுதிக்குத் தலைப்பு மட்டும் போட்டுவிட்டுப் போனாயே. என் கல்லூரித் தமிழில் வாசித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததால் தாளை மூடிவிட்டுக் கதையாகச் சொன்னேன். அம்பு, செத்தவன், சபை, ஆடு, விளக்கு. நீ கேட்ட கேள்வியையும் சொன்னேன். பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. "ஆமா, அடுப்பு எரிஞ்சுதா?" என்று ஒரு அம்மா திருப்பிக் கேட்டார், ஏதோ போன வாரம் நடந்தது போல.

பிறகு நான் என் கட்சியைப் பேசினேன். உன்னிடம் தோற்காமல் வைத்திருந்த கட்சி.

"அந்த டிரைவரத் தூக்குல போடுங்கன்னு நாங்க கேக்கல. தூங்கவிடாம ஓட்டச் சொன்னா அவன் என்ன செய்வான். விளக்கும் வேண்டாம்னு சொல்லல. வைக்கட்டும். ஆனா அந்தக் காலத்துல எப்படிக் கல் வெட்டினாங்களோ அப்படியே வெட்டட்டும். யாரோட லாரி, எந்த ரோட்டுல, எந்தப் பக்கம் ஏறி, யாரைக் கொன்னுது, அதனால இந்த விளக்குன்னு முழுசா எழுதட்டும். அவங்க அம்மாவுக்குச் சேர வேண்டியதைக் கோர்ட்டு சொல்றபடி சேர்க்கட்டும். அப்படி எழுதின கல்லை நானே தலையில தூக்கிட்டு வந்து கோயில்ல வைக்கிறேன்."

மேலாளர் சிரித்தார். "மேடம், அதெல்லாம் எப்படிக் கல்லுல போட முடியும்? கேஸ் நடக்குது இல்ல? நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாது?"

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. படகு வைத்திருக்கிற ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நடந்தத ஒத்துக்க மாட்டன்ற. அப்பால எதுக்கு நைனா வெளக்கு? எங்க பொண்ணு தப்பு பண்ணான்னு காயிதத்துல வாங்கிக்கினு, கோயில்ல உன் கம்பெனி பேர பெருசா போட்டுக்குவ. இன்னாபா, எங்கள டபாய்க்கிறியா?"

பிறகு கூட்டம் சத்தமானது. எல்லோரும் நம் பக்கம் வந்துவிடவில்லை. யார்டில் வேலை செய்கிற பையன்களின் வீட்டார் கோபமாகக் கத்தினார்கள். கடைசியில் தலைவர் உன் அம்மாவைப் பார்த்து, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார். ஒரு பெண்ணைப் பார்த்து அந்தக் கூட்டத்தில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"கல்லுல என் பொண்ணு பேரு வேணும் தான். நெறய ஆசை கீது எனக்கு. ஆனா அவ மேல பழி போட்டுட்டு அவ பேர வெக்கக் கூடாது. கேஸ வுட மாட்டேன், நான் கோர்ட்டுக்குப் போறேன். ஊரு கூட வந்தா வரட்டும், வரலன்னா நானே போறேன்."

ஊர் தடை சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம். ஆனால் சும்மா முடிந்துவிடவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பையன்கள் சிலருக்கு யார்டில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவனுடைய அம்மா, மீன் சந்தையில் உன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விற்கிறவர், இன்னும் அவரோடு பேசுவதில்லை. நான் செய்தது சரிதானா என்று அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சரிதான் என்றே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அந்தப் பக்கம் போகக் கால் தயங்குகிறது. பளிங்குக் கல் கடைக்காரரிடமே கிடக்கிறது. வாங்க யாரும் வரவில்லை.

நேற்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். லாரிக்காரர்களின் வக்கீல் நல்ல தமிழ் பேசினார். நீ கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருக்கமாட்டாய், கொட்டாவி விட்டிருப்பாய். எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், வெயில் கண்ணில் அடித்ததா, கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இறந்தவர் உங்கள் உயிர்த்தோழி. அவர் மேல் இருந்த பாசத்தில்தான் இப்படிச் சாட்சி சொல்கிறீர்கள், இல்லையா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, அவள் எழுதிய எந்தப் பக்கத்தையும் சரி என்று நான் சும்மா விட்டதில்லை. பழகிய நாள் முழுக்க அவளிடம் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. அவள் தவறான பக்கம் வந்திருந்தால் அதை முதலில் சொல்கிற ஆள் நான்தான். அவள் அவளுடைய பக்கத்தில் வந்தாள். லாரிதான் மாறி ஏறியது" என்றேன்.

எழுதிக்கொள்ளச் சொன்னார் நீதிபதி. தட்டச்சு செய்கிறவர் ஒவ்வொரு சொல்லாகத் தட்டினார். பிறகு படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய லாரி, எந்தச் சாலை, எந்தப் பக்கம், யார் இறந்தது, எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. வெளியே வந்ததும் உன் அம்மா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது. எதிராக வந்தால் மேலே போவோம் என்று மட்டும் சொன்னார்.

உன் அத்தியாயத்தை நான் எடுத்துக்கொண்டேன். தலைப்பு மட்டும் போட்டிருந்த அந்தக் கடைசிப் பகுதியை எழுத ஆரம்பித்துவிட்டேன். அத்தியாயத்தின் தொனி கொஞ்சம் காரமாக இருக்கிறது, குறைத்தால் அச்சில் போட வசதி என்று நம் கல்வெட்டுத் துறையில் சொன்னார்கள். ஒரு வரியும் குறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நீ சொன்னதை மட்டும் எழுதுவேன் என்று நினைக்காதே. பெயர் எழுதுவது சின்ன விஷயம் இல்லை என்று நான் ரயிலில் சொன்னதையும், கடற்கரையில் அது என்ன செய்தது என்பதையும் அதில் சேர்க்கப் போகிறேன், உன் பெயர் போட்ட ஆய்வில், உன் அனுமதி இல்லாமல். உனக்குப் பிடிக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிடிக்காவிட்டால் வந்து கேள்.